எட்டு டிரம்மும் ஓடுகிற நாள்

புது ஜீன்ஸ் பேன்ட்டைப் பழசு மாதிரி ஆக்குவதற்கென்றே பட்டறைகள் இருக்கின்றன. ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த அந்தப் பட்டறையில் எட்டு டிரம்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் உள்ளே குந்தி உட்காரக்கூடிய அளவு. பேன்ட்டுகளைத் திணித்து, வெந்நீர் விட்டு, பிளீச்சிங் கரைசலை ஊற்றிச் சுற்றவிடுவார்கள். பன்னிரண்டு நிமிஷம். பசர் அடித்ததும் லிவரை இழுத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, வெளுப்பை நிறுத்துகிற மருந்தை ஊற்ற வேண்டும். பதினொன்றில் இழுத்தால் நீலம் அழுத்தமாக நின்றுவிடும். பதிமூன்றில் இழுத்தால் துணி சோகை பிடித்தவன் முகம் மாதிரி வெளிறிப் போகும்.

அந்த லிவரைப் பதினோரு வருஷமாக இழுத்துக்கொண்டிருந்தவன் அவளுடைய கணவன். பட்டறையில் அவனுக்கு 'வெளுப்பு' என்று பெயர். கரைசல் தெறித்துத் தெறித்து அவனுடைய சட்டைகளிலெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். துண்டில், தலையணை உறையில், ஒருமுறை அவளுடைய நல்ல புடவையின் முந்தானையில்கூட. அவன் தொட்ட இடமெல்லாம் தெரியும் என்று கல்யாணமான புதிதில் அவள் கிண்டல் செய்வாள்.

அவளும் அந்தப் பட்டறையிலிருந்து வந்தவள்தான். மின்சாரப் பேனல்களுக்கு ஒயர் மாட்ட வந்த பெண். அதனால் அவள் 'பேனல்'. ஒயர் மாட்டிக்கொண்டே படித்து, புரோகிராம் எழுதக் கற்று, இயந்திரங்களை ஓட்டும் சின்னக் கணினிப் பெட்டிகளைச் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். வீட்டின் பின்னறையில் ஒரு மேசை, அதன்மேல் சோதித்துப் பார்க்க ஒரு பெட்டி, ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர். நாள் முழுக்க அதுதான் அவளுடைய வேலையிடம்.

ஆறு மாதத்துக்கு முன்பு, அதுவரை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து லிவர் இழுத்துக்கொண்டிருந்த பட்டறையில், அவளே முதலாளியிடம் பேசித் தன் பெட்டியை மாட்டவைத்தாள். எட்டு டிரம்முக்கும் ஒரே பெட்டி. நேரம் எண்ணும், பசர் அடிக்கும், சாயங்காலம் ரிப்போர்ட் அச்சடித்துக் கொடுக்கும். பெட்டி வேலைக்கு வந்த அன்று அவன் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். "எம் பொண்டாட்டி அடிக்கிற மணிக்கு நான் வேலை செய்யிறேன். வீட்லயும் அதான், இங்கயும் அதான்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

மழை மாதம் பிடித்ததும் ஆர்டர்கள் குவிந்தன. பகல் ஷிப்ட்டில் எட்டு டிரம்மும் நிற்காமல் ஓடின. அப்போதுதான் துணி வெளிறி வர ஆரம்பித்தது. நானூறு பேன்ட் திரும்பி வந்தது. சாயங்கால ஷிப்ட்டில் வெளுத்தவை அச்சு அசலாகச் சாம்பிள் துணி மாதிரியே இருந்தன. பகலில் வெளுத்தவைதான் வெளிறல். பகல் ஷிப்ட்டில் லிவர் இழுப்பவன் அவன். ரிப்போர்ட்டில் ஒவ்வொரு வரியிலும் பன்னிரண்டு நிமிஷம் முடிந்ததும் பசர் அடித்ததாக இருந்தது. அப்படியானால் பசர் அடித்த பிறகு அவன் எங்கேயோ நின்று பேசிக்கொண்டிருக்கிறான் என்றுதானே அர்த்தம்? கண்ணாடி என்று பெயர் வாங்கியிருந்த சூப்பர்வைசர் அப்படித்தான் முதலாளியிடம் சொன்னார். அவன் ஒரு வாரம் வீட்டில் இருக்கட்டும், வெள்ளிக்கிழமை முடிவு சொல்கிறேன் என்றார் முதலாளி.

அன்று மத்தியானம் அவன் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தான். அவள் அடுப்பில் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

"பசர் லேட்டா அடிக்குது," என்றான் தலையைத் துவட்டிக்கொண்டே.

"அடிக்காது."

"நான் சுவர்க் கடிகாரத்தப் பார்த்தேன். பதிமூணு தாண்டிடுச்சு."

"அந்தக் கடிகாரத்துல தண்ணி பூந்து மூணு வருஷமாச்சு. மழை வந்தா அது நினைச்சப்ப நிக்கும், நினைச்சப்ப ஓடும்."

"நின்னு நின்னு ஓடுற கடிகாரம் கம்மியாத்தானே காட்டும்? அதிகமா எப்படிக் காட்டும்?"

அவள் குரல் உயர்ந்தது. "ரிப்போர்ட்ட நீங்களே பாத்தீங்கல்ல? அது கண்ணாடி எழுதினது இல்ல. நான் எழுதினது. நூறு தடவ சோதிச்சுப் பாத்துட்டுத்தான் குடுத்தேன். அது பொய் சொல்லாது."

"அப்ப நான் சொல்றேனா?"

அவள் முட்டையைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். சூடு பொறுக்காமல் விரலை உதறினாள்.

"ஒண்ணு ரெண்டு டிரம் ஓடுறப்ப சரியாத்தான் இருக்குது. எட்டும் ஓடுறப்பத்தான்..." என்று அவன் ஆரம்பித்தான்.

"பசர் அடிச்சதும் போயிருக்க மாட்டீங்க. யாராவது கூப்பிட்டிருப்பாங்க, நின்னிருப்பீங்க. இதுல என்ன இருக்குது? ஒத்துக்கிட்டா முடிஞ்சு போச்சு. முதலாளி ஒண்ணும் சிங்கம் புலி இல்ல, கடிச்சுக் குதற."

அவன் முட்டையைச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டான். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். பிறகு துணிப்பையில் இரண்டு சட்டைகளை மடித்து வைத்தான்.

"தங்கச்சி வீட்டுல கூரை ஒழுகுதாம். போய்ப் பாத்துட்டு வரேன்."

"மழை விடட்டுமே."

"மழை பெஞ்சாத்தானே எங்க ஒழுகுதுன்னு தெரியும்?"

அவன் போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது. இரண்டே அறைதான். ஆனாலும் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும்போது தன் காலடிச் சத்தம் அவளுக்கே கேட்டது. பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர் டீ போட்டு, ஒன்றைக் குடித்துவிட்டு, ஆறிப்போன மற்றதையும் குடித்தாள். துவைத்த துணி காயவில்லை. கொடியில் அவனுடைய புள்ளி விழுந்த துண்டு ஈரத்தோடு தொங்கியது. தினமும் தொட்டுப் பார்ப்பாள், அப்படியே விட்டுவிடுவாள். போன் செய்தால் எடுப்பான். "சாப்டீங்களா?" என்றால் "ம்". "கூரை ஆச்சா?" என்றால் "ம்". இரண்டு பக்கமும் மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் வைத்துவிடுவார்.

தான் சொன்னதில் தப்பில்லை என்று அவள் தனக்குள் பலமுறை சொல்லிக்கொண்டாள். இத்தனை முறை சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்பதுதான் உறுத்தியது.

வியாழக்கிழமை காலையில் நாத்தனார் கூப்பிட்டாள்.

"அண்ணி, உங்க வீட்டுக்காரர் எங்க கூரை மேலயே குடியிருக்காரு. ஒழுகின எடத்த முத நாளே அடைச்சாச்சு. இப்ப நல்லா இருக்கிற எடத்தப் பிரிச்சுப் பிரிச்சு மேஞ்சுட்டு இருக்காரு. இன்னும் ரெண்டு நாள் விட்டா நாங்க குடைய விரிச்சுட்டுத்தான் தூங்கணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு கண்ணும் கலங்கியது. "எதாவது சொன்னாரா?"

"என்கிட்டயா? எங்கண்ணன் பேசி நீங்க பாத்திருக்கீங்களா? நேத்து கீழ இருந்து தகரத்த எடுத்துக் குடுத்தேன். அப்ப ஏதோ ஒத்த வார்த்தை சொல்லுச்சு. சாயங்காலம் மூணு டிரம்முதான் ஓடுது, அதான் அவனுங்க துணி சரியா வருது, எட்டும் ஓட்டட்டும் தெரியும்னு. எனக்கு ஒண்ணும் புரியல. உங்களுக்குப் புரியுதா?"

அவள் சமையலறையிலிருந்தபடியே பின்னறைப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணி? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

அவளுக்குப் புரிந்தது. அதைவிட, இதே வார்த்தையை அவன் இந்தச் சமையலறையில் நின்று சொன்னதும், அது முடிவதற்குள் தான் பேச ஆரம்பித்ததும் நினைவுக்கு வந்தது. எட்டும் ஓடுறப்பத்தான். அதைவிடத் துல்லியமாக ஒரு பழுதை அவளுடைய கம்பெனியில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நூறு தடவை சோதித்தது உண்மை. நூறு தடவையும் ஒரே ஒரு டிரம் ஓடுவதாக மேசைமேல் இருந்த பெட்டிக்குக் காட்டிச் சோதித்ததும் உண்மை. மற்ற ஏழும் சும்மா இருப்பதாகப் பெட்டிக்குச் சொல்லிவைத்திருந்தாள். எட்டையும் ஓடவிட்டுச் சோதிக்க வேண்டும் என்று தோன்றாமல் போனது எப்படி என்று இப்போது விளங்கவில்லை. ஒன்று சரியாக ஓடினால் எட்டும் ஓடும் என்று நினைத்திருந்தாள்.

பெட்டிக்கு எட்டு டிரம்மும் ஓடுவதாகக் காட்டினாள். திரையும் ரிப்போர்ட்டும் வேலை செய்யட்டும் என்று விட்டாள். போனில் ஸ்டாப்வாட்ச்சைத் தொட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வெறுமனே உட்கார்ந்திருந்தால் பன்னிரண்டு நிமிஷம் ரொம்ப நீளம். பக்கத்து வீட்டுச் சுவரில் மழைநீர் இறங்கிய தடங்களைப் பார்த்தாள். போனில் பன்னிரண்டு ஆனது. பெட்டி பேசவில்லை. பன்னிரண்டரை. பதிமூன்று ஆனபோது, அடிக்காதே, இன்னும் கொஞ்சம் பொறு, ஒரேயடியாகக் கெட்டுப்போய்விடு என்று பெட்டியைக் கெஞ்ச வேண்டும் போலிருந்தது. கெட்டுப்போன பெட்டி யார் தப்பும் இல்லை. பதிமூன்று நிமிஷம் பன்னிரண்டு வினாடியில் பசர் அடித்தது. ரிப்போர்ட்டைப் பார்த்தாள். பன்னிரண்டு நிமிஷம், பூஜ்யம் வினாடி.

அந்தச் சின்னக் கணினிக்குள் ஒரே சமயத்தில் பல வேலைகள் ஓடும். திரெட் என்பார்கள். ஒவ்வொரு டிரம்முக்கும் ஒன்று, திரைக்கு ஒன்று, ரிப்போர்ட்டுக்கு ஒன்று, நேரம் எண்ணுவதற்கு ஒன்று. நேரம் எண்ணும் திரெட்டை அவள் இப்படி எழுதியிருந்தாள்: வினாடியில் நூறில் ஒரு பங்கு தூங்கு, எழுந்து ஒன்று கூட்டு, மறுபடி தூங்கு. பன்னிரண்டு நிமிஷத்துக்கு எழுபத்தீராயிரம் தூக்கம். கூட்டம் இல்லாத நேரத்தில் அது சொன்னபடி எழுந்துவிடும். எட்டு டிரம்மும் ஓடும்போது, எழ வேண்டிய நேரம் வந்த பிறகும் தன் முறை வரும்வரை வரிசையில் நிற்கும். நிற்பது ஓர் இமைப்பொழுதில் ஒரு துணுக்குத்தான். ஆனால் அந்தத் துணுக்கை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. எழுபத்தீராயிரம் துணுக்கு சேர்ந்தால் ஒரு நிமிஷத்துக்கு மேல். எழுந்தவுடன் கணினியின் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்து, உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டிருக்க வேண்டும். அவள் எத்தனை தடவை தூங்கி எழுந்தோம் என்று மட்டும் எண்ணச் சொல்லியிருந்தாள். ரிப்போர்ட்டும் அதே எண்ணிக்கையைத்தான் வாங்கி அச்சடித்தது. தப்புச் செய்ததும் சாட்சி சொன்னதும் ஒரே ஆள்.

கம்பெனியின் இன்ஜினியருக்குப் போன் செய்து சொன்னாள். அவர் நல்ல மனிதர், பதறவில்லை.

"கண்டுபிடிச்சிட்டல்ல? நல்லதாப் போச்சும்மா. சரி பண்ணி இன்னிக்கே அனுப்பிடு. அப்டேட்னு ஒரு வரி போதும்."

"காரணம் கேட்டா சார்?"

"எவன் கேக்கப் போறான்? பசர் சரியா அடிச்சா துணி சரியா வரும். துணி சரியா வந்தா எல்லாருக்கும் சந்தோஷம்."

"எங்க வீட்டுக்காரர் மேல பழி வந்திருக்குது சார்."

"அவருக்கும் நல்லதுதானே? திட்டு வாங்கினாரு, இப்ப ஒழுங்கா வேலை பாக்குறாருன்னு விட்டுருவாங்க. வேலையும் போகாது. அவ்வளவுதானே?"

திருத்தி எழுதப் பத்து வரி கூடத் தேவைப்படவில்லை. மறுபடி எட்டையும் ஓடவிட்டாள். போனும் பெட்டியும் ஒன்றாகப் பன்னிரண்டைத் தொட்டன. அனுப்புகிற பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அழுத்திவிட ஆசையாகத்தான் இருந்தது. யாருக்கும் தெரியாது. பெட்டி பொய் சொன்னது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அவளையும் சொல்ல மாட்டார்கள். அவன் திரும்பி வருவான், லிவர் இழுப்பான், துணி சரியாக வரும். போன தடவை வாங்கிய திட்டு உறைத்திருக்கிறது பார் என்று கண்ணாடி சொல்வார். அது அவன் காதில் விழும். அவன் ஒன்றும் சொல்ல மாட்டான்.

அவள் விரலை எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை குடையோடு பட்டறைக்குப் போனாள். உள்ளே கால் வைத்ததும் பிளீச்சிங் நெடி மூக்கில் ஏறியது. கணவனின் சட்டை நெடி. ஒரு கணம் நின்றுவிட்டாள்.

"வா பேனலு, வா," என்றார் கண்ணாடி. "முதலாளி இன்னும் முடிவு சொல்லல. அதுக்குள்ள சிபாரிசுக்கு வந்துட்டியா?"

"சிபாரிசு இல்ல சார். எட்டு டிரம்மும் ஓடுதா?"

"ஓடுது. உம் புருஷன் இல்லாம நானே இழுத்துட்டு இருக்கேன். இடுப்பு கழண்டு போச்சு."

"துணி எப்படி வருது?"

கண்ணாடி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் இழுத்த துணியும் வெளிறித்தான் வந்திருந்தது. அவ்வளவு நாளும் அதை மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தார். அவருடைய கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். மூன்றாவது டிரம்மில் கரைசல் ஊற்றினார்கள். நெருக்கடியான வேலைக்கு நடுவே மூன்று பேரும் பேசாமல் ஒரு டிரம்மின் முன்னால் நின்றிருந்தார்கள். வேலையாட்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். "என்னண்ணே, குழந்தை பொறக்கப் போவுதா?" என்று ஒருத்தி கேட்டாள். பசர் அடித்தபோது முதலாளி முள்ளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"பதிமூணு ஒம்போது. உன் பெட்டி பன்னெண்டுங்குது."

"ஆமாங்க. நான் எழுதினதுலதான் தப்பு. டிரம் அதிகமா ஓட ஓட நேரத்த விட்டு விட்டு எண்ணுது. ரிப்போர்ட்டும் அதே எண்ணிக்கையத்தான் சொல்லுது."

முதலாளி கைக்கடிகாரத்தை மறுபடி ஒருமுறை பார்த்தார். "இத நீ யாருக்கும் தெரியாம சரி பண்ணியிருக்கலாமேம்மா?"

"பண்ணியிருக்கலாம்."

"பின்ன?"

"அவரு மேல சொன்னது அப்படியே நின்னுடும்."

"நான் ரிப்போர்ட்ல இருந்ததத்தான் சொன்னேன்," என்றார் கண்ணாடி அவசரமாக. "நானா ஒண்ணும் சொல்லல."

"நானும் அவருகிட்ட அதத்தான் சார் சொன்னேன்," என்றாள் அவள்.

திங்கள்கிழமை வரச் சொல் என்றார் முதலாளி. "நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா வீட்டுப் பேச்சாப் போயிடும்," என்றாள். அவர் அங்கேயே நின்று, டிரம் சத்தத்துக்கு மேல் கத்தி, போனில் சொன்னார். எட்டு டிரம்முக்கும் கேட்டிருக்கும். அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னான் என்று அவளுக்குக் கேட்கவில்லை. ரொம்ப நேரமும் ஆகவில்லை.

புதுப் புரோகிராமை ஏற்றிவிட்டு அங்கிருந்தே பஸ் பிடித்து நாத்தனார் வீட்டுக்குப் போனாள். மழை விட்டிருந்தது. அவன் கூரை மேல் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் சுத்தியலை வைத்தான். இறங்கி வரவில்லை. ஏணியின் கீழே நின்று, அண்ணாந்து பார்த்தபடி, நடந்ததையெல்லாம் சொன்னாள். தூங்கி எழுவதை எண்ணியது, எட்டும் ஓடும்போது வரிசையில் நின்றது, ரிப்போர்ட் அதே ஆளின் சாட்சி என்பது. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். எப்போதும் அப்படித்தான் கேட்பான்.

"நேத்து போன வச்சு நான் பாத்தப்ப பதிமூணு நிமிஷம் பன்னெண்டு வினாடி. நீங்க சொன்னது சரி," என்று முடித்தாள்.

"போன் சொல்லுச்சா?"

"ஆமா."

"நான் சொன்னப்ப நம்பல."

அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவம் இல்ல," என்றான். "கண்ணாடி சொன்னான், முதலாளி சொன்னாரு. அவங்களுக்கு நான் லிவர் இழுக்கிற ஆளு. பரவால்ல. உன்கிட்ட வந்து சொல்லணும்னுதான் மழையில ஓடி வந்தேன். நீ எந்திரிச்சு ஒரு தடவ வந்து பாத்திருந்தா எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

அவளுக்குத் தெரியும். பதிமூன்று நிமிஷம்.

நாத்தனார் உள்ளேயிருந்து, "ரெண்டு பேரும் கீழ வந்து டீ குடிங்க. ஒருத்தர் மேல, ஒருத்தர் கீழ, சர்க்கஸா நடக்குது?" என்று கத்தினாள். டீ குடித்தார்கள். "வேலைக்குத் திங்கக்கிழம போறேன்," என்றான். வீட்டைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பஸ் நிறுத்தம் வரை கூட வந்தான். பஸ் வர நேரமானது. அவள் ஏறிய பிறகும் நின்றுகொண்டிருந்தான். ஜன்னல் கண்ணாடியில் ஆவி படர்ந்திருந்ததால் அவன் முகம் சரியாகத் தெரியவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் பெட்டியைத் தொடவில்லை.

திங்கள்கிழமை பதினோரு மணிக்குப் புதுப் புரோகிராம் எப்படி ஓடுகிறது என்று கேட்கப் பட்டறைக்குப் போன் செய்தாள். கேட்க வேண்டிய கடமையும் இருந்தது. கண்ணாடிதான் எடுத்தார்.

"நாலு லாட் போட்டாச்சு பேனலு. அப்படியே சாம்பிள் துணி மாதிரி. நானே எட்டு டிரம்முக்கும் கடிகாரத்த வச்சுப் பாத்துட்டேன். இனிமே நான் எதையும் நம்புறதா இல்ல."

"நல்லது சார்."

"வெளுப்பு இங்கதான் இருக்கான். குடுக்கவா?"

"வேணாம்," என்றாள். உடனே, "இல்ல, குடுங்க," என்றாள்.

டிரம்களின் சத்தம் நெருங்கி வந்தது. யாரோ போனைக் கைமாற்றினார்கள்.

"என்ன?" என்றான் அவன்.

"ஒண்ணுமில்ல. சும்மா."

"மூணாவது முடியப் போவுது."

"சரி. நீங்க போங்க."

அவன் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. எட்டு டிரம்களும் அவள் காதுக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. நடுவில் அவன் மூச்சு கேட்டது. பின்னறை ஜன்னலுக்கு வெளியே சுவர் காய ஆரம்பித்திருந்தது. தனக்குச் சொல்லத் தோன்றிய எதையும் அவன் பேச்சுக்குக் குறுக்கே விட்டுவிடக் கூடாது என்று உதட்டை மடித்துக்கொண்டாள்.

பசர் அடித்தது.

போனை ஏதோ தகரத்தின் மேல் வைக்கிற சத்தம் கேட்டது. துண்டிக்காமல், அப்படியே. ஈரத்தரையில் அவன் செருப்புகள் ஓடின. லிவர் இறங்கியது. பிறகு மடை திறந்தது போலத் தண்ணீர் கொட்டுகிற சத்தம். அவன் திரும்பி வந்து போனை எடுக்கட்டும் என்று அவள் தன் போனைக் காதில் வைத்தபடியே இருந்தாள்.